டீம்மேட் ரெண்டு பேர்ல யார் வேகம்: பிராக்டிஸ் டைமை நம்பறதா, டெஸ்டிங் டைமை நம்பறதா?

ஃபார்முலா 1ல ஒரு டிரைவர் எவ்வளவு வேகம்னு தெரியணும்னா அவர் டீம்மேட்டோட வெச்சுப் பாருன்னு எல்லாரும் சொல்றோம், ஏன்னா கார் ஒண்ணு, இன்ஜின் ஒண்ணு, அதனால மிச்சம் வர்ற வித்தியாசம் பூரா டிரைவர் கையில இருந்து வர்றதுன்னு ஒரு கணக்கு. குவாலிஃபையிங்குக்கு, அதாவது ரேஸ்ல யார் எந்த இடத்துல இருந்து கிளம்பறதுன்னு முடிவு பண்ற ஓட்டத்துக்கு, இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியா வரும். 1988 மொனாக்கோல சென்னா, பிராஸ்ட்டை விட 1.427 செகண்ட் வேகமா போய் போல் (முதல் இடத்துல இருந்து கிளம்பற உரிமை) எடுத்தாரே, அதை இன்னைக்கு வரைக்கும் பேசறோம்னா ரெண்டு பேரும் ஒரே மெக்லாரன்ல உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

ஆனா அதே கணக்கை வெள்ளிக்கிழமை பிராக்டிஸுக்கும், சீசனுக்கு முன்னாடி நடக்கற டெஸ்டிங்குக்கும், டயர் குடுக்கற கம்பெனி பைரெல்லி நடத்தற டயர் டெஸ்ட்டுக்கும் அப்படியே தூக்கிட்டுப் போறோம் பாருங்க, அங்கதான் தப்பு நடக்குது. கார் ஒண்ணுங்கறதாலதான் நாம ரெண்டு பேரை ஒப்பிடறோம், சரி. ஆனா கார் ஒண்ணுங்கறதாலயேதான் டீமும் ரெண்டு பேருக்கும் வேற வேற வேலையைப் பிரிச்சுக் குடுக்குது. ஒரு மணி நேரத்துல ரெண்டு காரும் ஒரே டயர்ல ஒரே செட்டப்புல ஒரே மாதிரி ஓடினா டீமுக்குக் கிடைக்கறது ஒரு பதில்தான், ஒருத்தர் மீடியம் டயர்ல, ஒருத்தர் அதை விட வேகமான, ஆனா சீக்கிரம் தேயற சாஃப்ட்ல ஓடினா ரெண்டு பதில் கிடைக்கும். ஆக பிராக்டிஸ்ல மத்த எந்த ரெண்டு பேரை விடவும் டீம்மேட் ரெண்டு பேரோட ஓட்டம்தான் வேணும்னே வித்தியாசமா வைக்கப்பட்டிருக்கும். இதை மனசுல வெச்சுக்கிட்டு, நம்ம கையில இருக்கற ஒவ்வொரு டைமையும் எவ்வளவு தூரம் நம்பலாம்னு பார்ப்போம். சனிக்கிழமை குவாலிஃபையிங்குக்கு முன்னாடி ஃபேன்டசி டீம்ல (டிரைவர்களைத் தேர்ந்தெடுத்து பாயின்ட் சேர்க்கற விளையாட்டுல) யாரைப் போடறதுன்னு முடிவு எடுக்கறவங்களுக்கும் சரி, "இந்த வருஷம் இவன்தான் மேல"ன்னு பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிதானிக்க நினைக்கறவங்களுக்கும் சரி, இது உதவும்.

முதல்ல சீசனுக்கு முன்னாடி நடக்கற டெஸ்டிங். அதிகமா ஏமாத்தறது இதுதான், அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

2023 பஹ்ரைன் டெஸ்ட்டை எடுத்துக்குங்க. கடைசி நாள்ல பெரெஸ் 1:30.305 போட்டு மொத்த டெஸ்ட்டுக்கும் முதல் இடம். அவர் டீம்மேட் வெர்ஸ்டாப்பனோட பெஸ்ட் 1:31.650, அது ரெண்டாவது நாள் போட்டது. வித்தியாசம் 1.345 செகண்ட். டேபிளை மட்டும் பார்த்தா ரெட் புல்லுக்குள்ள அதிகாரமே மாறிடுச்சுன்னு தோணும். அடுத்த வாரம் அதே ட்ராக்ல குவாலிஃபையிங் நடந்துச்சு, வெர்ஸ்டாப்பன் 1:29.708 போட்டு போல், பெரெஸ் 1:29.846, அதாவது பெரெஸ் 0.138 பின்னாடி. ஒன்றரை செகண்ட் அளவுக்கு நம்ம கணிப்பு பிசகிப் போச்சு, அதுவும் அதே கார், அதே ட்ராக், ஒரு வார இடைவெளி. என்ன நடந்துச்சுன்னா பெரெஸ் அந்த டைமைப் போட்டது சி4 டயர்ல (சி நம்பர் கூடக் கூட டயர் மென்மை, வேகமும் கூட), வெர்ஸ்டாப்பனோடது அதை விடக் கடினமான சி3 டயர்ல, நாள் வேற, ஓடின புரோகிராம் வேற, டேங்க்ல எவ்வளவு பெட்ரோல் இருந்துச்சுன்னு டீமைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் நடந்த 22 ரேஸ்ல வெர்ஸ்டாப்பன் 19 ஜெயிச்சார், பெரெஸ் 2.

இந்த பெட்ரோல் விஷயத்தைக் கொஞ்சம் கணக்காவே பார்க்கலாம். பத்து கிலோ பெட்ரோல் கூடினா ஒரு லேப்புக்கு சுமார் 0.3 செகண்ட் போகும்னு ஒரு பொது அளவு வெச்சிருக்காங்க, ட்ராக் நீளத்தைப் பொறுத்து கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். டெஸ்டிங்ல ஒருத்தர் பத்து கிலோவோட ஓடறார், இன்னொருத்தர் அம்பது கிலோவோட ஓடறார்னு வெச்சுக்கிட்டா அது மட்டுமே 1.2 செகண்ட். டீம்மேட் ரெண்டு பேருக்கு நடுவுல நிஜமா இருக்கற வித்தியாசம் பெரும்பாலும் 0.1ல இருந்து 0.3 வரைக்கும்தான். அதாவது நாம தேடறது ஊசி, அது விழுந்து கிடக்கறது வைக்கோல் போருக்குள்ள.

இன்னொண்ணு, பல பேர் கவனிக்காதது. சமீப வருஷங்கள்ல சீசனுக்கு முந்தைய டெஸ்ட்ல ஒரு டீமுக்கு ஒரே ஒரு கார்தான். டீம்மேட் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ட்ராக்ல இருக்கவே முடியாது, ஒருத்தர் இறங்கினாத்தான் இன்னொருத்தர் ஏற முடியும். பஹ்ரைன்ல காலைல நாலு மணி நேரம் ஒருத்தர், சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறம் நாலு மணி நேரம் இன்னொருத்தர்னு பெரும்பாலும் பிரிச்சுக்குவாங்க. காலைல ஓடறவருக்கு ட்ராக் மேல மணல் இருக்கும், போகப் போக வெயில் ஏறி ரோடு கொதிக்கும், பின் டயர் வழுக்கும். சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம் ஓடறவருக்கு ட்ராக்ல ரப்பர் நல்லா ஒட்டியிருக்கும், சூரியன் இறங்கி ரோட்டுச் சூடு பத்து டிகிரிக்கு மேல குறைஞ்சிருக்கும், காருக்கு எல்லாமே சாதகம். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துல யார் சீட்ல இருந்தாங்களோ அவங்க பேர்தான் டேபிள்ல மேல வரும். காலைல ஓடினவர் மெதுவா ஓடினார்னு அதுக்கு அர்த்தம் இல்ல, அவருக்கு அந்த நேரம் கிடைக்கல, அவ்வளவுதான்.

2019 பார்சிலோனா டெஸ்ட் இதுக்கு நேர் எதிர் உதாரணம். ஃபெராரில வெட்டல் 1:16.221, அவர் டீம்மேட் லெக்லெர்க் 1:16.231, ரெண்டு பேரும் சி5 டயர்ல, அடுத்தடுத்த நாள்ல போட்டது. வித்தியாசம் வெறும் 0.010. சரிசமம்னு எழுதினாங்க. முதல் ரேஸ் மெல்போர்ன்ல குவாலிஃபையிங்ல வெட்டல் 0.252 முன்னாடி. ரெண்டாவது ரேஸ் பஹ்ரைன்ல லெக்லெர்க் 0.294 முன்னாடி போய் போல் எடுத்தார். வருஷம் முடியறப்போ லெக்லெர்க்குக்கு 7 போல், வெட்டலுக்கு 2. 0.010ன்னு டெஸ்ட் சொன்னது பொய்யும் இல்ல, நிஜமும் இல்ல, அது ரெண்டு வேற கேள்விக்கு வந்த பதில் தற்செயலா பக்கத்துல பக்கத்துல விழுந்தது. இன்னொரு விஷயம், அதே டெஸ்ட்ல முன்னாடி நின்ன ஃபெராரி மெல்போர்ன்ல போலை விட 0.7 செகண்ட் பின்னாடி இருந்துச்சு. டீமுக்கும் டீமுக்கும் நடுவுலயே டெஸ்டிங் இவ்வளவு தப்பா காட்டும்னா டீம்மேட் நடுவுல இருக்கற பொடி வித்தியாசத்தை எங்க காட்டப்போகுது.

நானே மாட்டினது 2025ல. பஹ்ரைன் டெஸ்ட்ல சைன்ஸ் வில்லியம்ஸ்ல 1:29.348 போட்டு மொத்தத்துல முதல் இடம். ஃபெராரில ரேஸ் ஜெயிச்சுட்டு வந்த டிரைவர், புது டீம்ல முதல் டெஸ்ட்லயே மேல, அவர் டீம்மேட் ஆல்பானுக்கு இந்த வருஷம் கஷ்டம்தான்னு நான் முடிவே பண்ணிட்டேன், ஃபேன்டசி டீம்லயும் சைன்ஸைப் போட்டேன். மெல்போர்ன்ல ஆல்பான் கிரிட்ல 6ஆவது, சைன்ஸ் 10ஆவது, ரேஸ்ல சைன்ஸ் முதல் லேப்லயே சேஃப்டி காருக்குப் பின்னாடி போறப்போ சுவர்ல இடிச்சு வெளிய, ஆல்பான் 5ஆவதா முடிச்சார். அந்த வருஷத்தோட பிற்பகுதில சைன்ஸ் பாகுலயும் கத்தார்லயும் போடியம் ஏறினார், அதனால அவர் வேகம் இல்லாதவர்னு நான் சொல்ல வரல. புது காரைப் பழகறதுக்கு ஒரு டிரைவருக்கு மாசக்கணக்குல ஆகும்ங்கறதை ஒரு டெஸ்ட் லேப் எப்படிச் சொல்லும்? சொல்லாது. அதுலேர்ந்து டெஸ்டிங் டேபிள்ல டீம்மேட் வித்தியாசத்தைப் பார்க்கறதையே விட்டுட்டேன், எத்தனை லேப் ஓடினாங்கன்னு மட்டும் பார்ப்பேன், கார் நின்னு போகாம ஓடுதான்னு தெரியும்.

அடுத்தது டயர் டெஸ்ட். இதுல ரெண்டு மூணு வகை இருக்கு, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறாங்க.

சீசன் நடுவுல ரேஸ் முடிஞ்சதும் அதே ட்ராக்ல ஓரிரு டீமை நிறுத்தி வெச்சு பைரெல்லி நடத்தற டெஸ்ட் ஒண்ணு. இதுல ஓட்டத் திட்டம் பைரெல்லியோடது, டீம் புது பார்ட் எதையும் இதுல பரிசோதிக்கக் கூடாது, டயர் ஓரத்துல சிவப்பு மஞ்சள் வெள்ளைன்னு கலர் பட்டையும் இருக்காது, எந்த டயர் மாட்டியிருக்குன்னு டிரைவருக்கே சொல்ல மாட்டாங்க. விதி ஏன் இவ்வளவு கறாரா இருக்குன்னா 2013ல நடந்ததுதான். அந்த மே மாசம் மெர்சிடிஸ் பார்சிலோனால பைரெல்லியோட 1000 கிலோமீட்டர் டெஸ்ட் ஓடிச்சு, அந்த வருஷக் காரையே பயன்படுத்தி, ஹாமில்டனும் ரோஸ்பெர்க்கும் அடையாளம் தெரியாத ஹெல்மெட்டோட ஓட்டினாங்க. விசாரணை நடந்து, கண்டிப்போட யங் டிரைவர் டெஸ்ட்ல கலந்துக்கக் கூடாதுன்னு தண்டனையும் குடுத்தாங்க. இந்த மாதிரி டெஸ்ட்ல ஒரு நாள் ஒருத்தர், மறுநாள் இன்னொருத்தர்னு ஓடினா ரெண்டு பேரும் ஓடறது ரெண்டு வேற மாதிரி டயர்ல. ஒரே நாள்லயே காலைல மாட்டின டயருக்கும் மத்தியானம் மாட்டின டயருக்கும் ரப்பர் கலவை வேறயா இருக்கலாம், உள்ள இருக்கற கட்டுமானமே வேறயா இருக்கலாம். இதை வெச்சு யார் வேகம்னு சொல்றது, ரெண்டு பேருக்கு வேற வேற கேள்வித்தாள் குடுத்துட்டு மார்க்கை ஒப்பிடற மாதிரி.

சீசன் முடிஞ்சதும் அபுதாபில நடக்கற டெஸ்ட் இன்னொரு வகை. இதுல டீமுக்கு ரெண்டு கார், ஒரு கார்ல ரேஸ் டிரைவருங்க அடுத்த வருஷ டயரைப் போட்டு ஓடுவாங்க, இன்னொரு கார்ல புதுப் பையன் அந்த வருஷ டயர்ல ஓடுவான். புதுப் பையன் ரேஸ் டிரைவரை விட முன்னாடி வந்துட்டான்னு வருஷா வருஷம் ஒரு பேச்சு கிளம்பும், அவன் ஓடினது வேற டயர்ல வேற வேலைக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ரேஸ் டிரைவர் ரெண்டு பேரும் ஒரே காரைப் பாதி நாள் பாதி நாள் பங்கு போட்டுக்கிட்டா பஹ்ரைன் பிரச்சினை இங்கயும் வந்துடும், அபுதாபிலயும் சாயங்காலம் ட்ராக் குளிரும்.

மூணாவது வகைதான் ரொம்ப சுவாரசியம், ரேஸ் வாரத்துக்குள்ளயே எஃப்பி2வை (எஃப்பி1, எஃப்பி2, எஃப்பி3ன்னு வர்ற மூணு பிராக்டிஸ்ல ரெண்டாவது) 90 நிமிஷமா நீட்டி அதுல டயர் டெஸ்ட் நடத்தறது. 2022 ஆஸ்டின்ல இப்படி நடந்துச்சு. எல்லாரும் 2023க்கான பட்டையில்லாத டயர்ல ஓடணும், ஆனா எஃப்பி1ல தன் காரைப் புதுப் பையனுக்கு விட்டுக்குடுத்த டிரைவர்களுக்கு மட்டும் கொஞ்ச நேரம் வழக்கமான டயர்ல தன் வேலையைப் பார்த்துக்கலாம்னு சலுகை. ஃபெராரில எஃப்பி1ல ஷ்வார்ட்ஸ்மன் ஓட்டினது லெக்லெர்க்கோட கார். எஃப்பி2ல யார் முதல் இடம்? லெக்லெர்க். கூடவே முன்னாடி இருந்தது பொட்டாஸும் ரிக்கியார்டோவும், அவங்களும் எஃப்பி1ல உட்கார்ந்து பார்த்தவங்க. அந்த டேபிளை டீம்மேட் வாரியா வெச்சுப் பார்த்தா லெக்லெர்க் சைன்ஸைப் பிச்சு உதறிட்டார்னு தெரியும், நிஜத்துல ரெண்டு பேர் கால்ல இருந்த டயரே வேற. அந்த வாரம் குவாலிஃபையிங்ல போல் எடுத்தது சைன்ஸ்.

புதுப் பையன் விஷயம் டயர் டெஸ்ட் இல்லாத வாரத்துலயும் வரும். 2025ல இருந்து ஒவ்வொரு காரும் சீசன்ல ரெண்டு தடவை எஃப்பி1ஐப் புதுசா வர்றவருக்குக் குடுக்கணும். எஃப்பி1 கிடைக்காத டிரைவருக்கு எஃப்பி2தான் முதல் பிராக்டிஸ், டீம்மேட்டுக்கு அது ரெண்டாவது. அன்னைக்கு 0.3 பின்னாடி இருந்தா அதை வேகம்னு எடுத்துக்காதீங்க, ஒரு மணி நேரப் பாக்கி.

இப்ப பிராக்டிஸுக்கு வருவோம், இங்கதான் நிஜமான தேர்வு இருக்கு. வழக்கமான வாரத்துல மூணு பிராக்டிஸ், ஒவ்வொண்ணும் 60 நிமிஷம். ஒரு டிரைவருக்கு 13 செட் டயர், 8 சாஃப்ட், 3 மீடியம், 2 ஹார்ட், ஒவ்வொரு பிராக்டிஸ் முடிஞ்சதும் ரெண்டு செட்டைத் திருப்பிக் குடுத்துடணும். அதனால எந்த செஷன்ல எந்த டயரைச் செலவு பண்றதுங்கறதே ஒரு திட்டம், அதுல டீம்மேட் ரெண்டு பேருக்கும் ஒரே திட்டம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

எஃப்பி1ஐ நான் கணக்குலயே எடுக்கறதில்ல. ட்ராக் அழுக்கா இருக்கும், நிமிஷத்துக்கு நிமிஷம் வேகம் கூடிக்கிட்டே போகும், அஞ்சு நிமிஷம் லேட்டா சாஃப்ட் போட்டவர் அரை செகண்ட் முன்னாடி வந்துடுவார். அதுவும் இல்லாம புது ஃப்ளோர், புது விங் வந்திருந்தா ஒரு கார்ல புதுசு, ஒரு கார்ல பழசுன்னு மாட்டி ஒப்பிடற வேலை இங்கதான் நடக்கும். மெர்சிடிஸ்ல ஹாமில்டன் 2022 முற்பகுதில டீம்மேட் ரஸ்ஸலை விட அடிக்கடி பின்னாடி இருந்ததுக்கு அவர் கார்ல பரிசோதனை செட்டப் போட்டு ஓடினதும் ஒரு காரணம்னு பின்னாடி வெளிய வந்துச்சு. கடைசில ரஸ்ஸல் 275 பாயின்ட், ஹாமில்டன் 240ன்னு வருஷம் முடிஞ்சது, அதுல ரஸ்ஸலோட திறமையைக் குறைச்சுச் சொல்லல, ஆனா அந்த மாதிரி வெள்ளிக்கிழமைகளோட டைமை மட்டும் தனியா எடுத்து வெச்சு வாதம் பண்ணினா நியாயமா இருக்காது.

எஃப்பி2ல ரெண்டு பொருள் இருக்கு, நடுவுல சாஃப்ட்ல ஒரு குவாலிஃபையிங் மாதிரி லேப், கடைசி இருபது இருபத்தஞ்சு நிமிஷம் பெட்ரோல் நிரப்பி லாங் ரன், அதாவது ரேஸ் மாதிரி தொடர்ந்து பல லேப் ஓடறது. பஹ்ரைன், அபுதாபி மாதிரி ராத்திரி ரேஸ்ல எஃப்பி2 மட்டும்தான் ரேஸ் நடக்கற நேரத்துக்கு ஒத்துப் போகும், எஃப்பி1உம் எஃப்பி3யும் வெயில்ல நடக்கும், அங்க எஃப்பி2வுக்கு மதிப்பு இன்னும் கூடும். ரேஸ்ல யார் முன்னாடி போவாங்கன்னு தெரியணும்னா லாங் ரன்னை விட்டா வேற வழி இல்ல. ஆனா படிக்கத் தெரியணும்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டறேன், நம்பர் நானா எடுத்துக்கிட்டது, கணக்கு புரியறதுக்காக. பார்சிலோனான்னு வெச்சுக்குங்க. ஒரே டீம்ல முதல் டிரைவர் மீடியம்ல எட்டு லேப் ஓடறார்: 1:19.2, 19.2, 19.3, 19.3, 19.4, 19.4, 19.5, 19.5. ரெண்டாவது டிரைவர் சாஃப்ட்ல அஞ்சு லேப்: 1:18.9, 19.0, 19.2, 19.3, 19.5, அப்புறம் பிட்டுக்கு வந்துட்டார். டிவில "லாங் ரன் சராசரி"ன்னு போடுவாங்க, முதல் டிரைவருக்கு 19.35, ரெண்டாவது டிரைவருக்கு 19.18, ஆக ரெண்டாவது டிரைவர் 0.17 வேகம். இதை நம்பிட்டா முடிஞ்சுது கதை. மொதல்ல ரெண்டு பேரோடதும் அஞ்சஞ்சு லேப் மட்டும் எடுங்க, முதல் டிரைவரோட முதல் அஞ்சு லேப் சராசரி 19.28, வித்தியாசம் உடனே 0.10 ஆயிடுச்சு. அந்த 0.10ல சாஃப்ட் டயரோட பங்கு எவ்வளவு, டிரைவரோட பங்கு எவ்வளவு? புது சாஃப்ட் மீடியத்தை விட வெறும் 0.1 வேகம்னா அது கம்மி, அப்படிப் பார்த்தா மீடியம்ல இருந்தவர்தான் நல்லா ஓட்டியிருக்கார்னு கூட சொல்லலாம்.

அடுத்தது தேய்மானம். பார்சிலோனா ரேஸ் 66 லேப், 110 கிலோ பெட்ரோல்னு எடுத்துக்கிட்டா ஒரு லேப்புக்கு 1.67 கிலோ எரியும், அதனால ஒவ்வொரு லேப்பும் கார் தானாவே சுமார் 0.05 செகண்ட் வேகமாகும். அப்ப டைம் கூடறதோட இந்த 0.05ஐயும் சேர்த்தாத்தான் டயர் நிஜமா இழந்தது தெரியும். முதல் டிரைவர் ஏழு லேப் இடைவெளில 0.3 இழந்தார், லேப்புக்கு 0.04, கூட 0.05, மொத்தம் 0.09. ரெண்டாவது டிரைவர் நாலு லேப் இடைவெளில 0.6, லேப்புக்கு 0.15, கூட 0.05, மொத்தம் 0.20. அஞ்சாவது லேப்ல ரெண்டாவது டிரைவர் 19.5, முதல் டிரைவர் 19.4, அங்கயே கோடு குறுக்க வெட்டிடுச்சு. ஆறாவது லேப் ஓடியிருந்தா சராசரி வித்தியாசம் இன்னும் சுருங்கியிருக்கும், அதே மாதிரி எட்டு லேப்பும் ஓடியிருந்தா தலைகீழாவே மாறியிருக்கும். பிட்டுக்குக் கூப்பிட்ட நேரம்தான் அவரை வேகமானவரா காட்டிச்சு. டிராஃபிக்ல மாட்டின லேப், வெளிய போற லேப், உள்ள வர்ற லேப் எல்லாத்தையும் தூக்கிட்டுத்தான் இதைப் போடணும், ஒரு லேப்ல மட்டும் ஒரு செகண்ட் கூடியிருந்தா அது டயர் இல்ல, யாரோ குறுக்க வந்தாங்கன்னு அர்த்தம்.

ரெண்டு பேரும் ஒரே டயர்ல, ஒரே வயசு டயர்ல, ஏறக்குறைய ஒரே நேரத்துல லாங் ரன் ஓடின எஃப்பி2 கிடைச்சா அதைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க, ரேஸுக்கு அதை விட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனா அது அடிக்கடி கிடைக்காது, டீம்தான் பிரிச்சு விடுதே. பிரிச்சு விட்ட வாரத்துல நான் பண்றது, மீடியம்ல ஓடினவரை மீடியம்ல ஓடின மத்த டீம்காரங்களோட வெச்சும், சாஃப்ட்ல ஓடினவரை சாஃப்ட்ல ஓடினவங்களோட வெச்சும் பார்த்துட்டு, யார் அவங்கவங்க கூட்டத்துல எந்த இடத்துல இருக்காங்கன்னு பார்க்கறது. துல்லியம் குறையும், ஆனா திசை தெரியும்.

எஃப்பி3தான் குவாலிஃபையிங்குக்கு என்னோட தேர்வு. காரணம் சிம்பிள், அந்த நேரத்துக்கு பரிசோதனை எல்லாம் முடிஞ்சிருக்கும், செட்டப் ஏறக்குறைய முடிவாயிருக்கும், ரெண்டு பேரும் பெட்ரோல் குறைச்சு புது சாஃப்ட்ல ஓடுவாங்க. வாரத்துலயே ரெண்டு பேர் வேலையும் ஒண்ணா இருக்கற பிராக்டிஸ் இது ஒண்ணுதான். ஆனாலும் மொத்த லேப் டைமைப் பார்க்காதீங்க, லேப்பை மூணு துண்டாப் பிரிச்சு வெச்சிருக்கற செக்டரைத் தனித்தனியாப் பாருங்க, மூணு செக்டர்லயும் ஒருத்தரோட பெஸ்ட்டைக் கூட்டினா அவரால போட முடிஞ்ச லேப் கிடைக்கும், அதை ரெண்டு பேருக்கும் ஒப்பிடுங்க. ஒருத்தர் கடைசி வளைவுல தப்புப் பண்ணி 0.4 பின்னாடி நின்னிருப்பார், கூட்டிப் பார்த்தா 0.05 முன்னாடி இருப்பார்.

அப்புறம் வேகம் எங்க வந்துச்சுன்னு பாருங்க, இதை மட்டும் பண்ணினாலே பாதி குழப்பம் தீர்ந்துடும். நேர் ரோட்டோட முடிவுல ஒருத்தர் அஞ்சு கிலோமீட்டர் வேகம் கூட, வளைவுல ரெண்டு பேரும் சமம்னா அந்த வித்தியாசம் டிரைவரோடது இல்ல. இன்ஜின் மோட் கூட வெச்சிருக்கலாம், வெள்ளிக்கிழமைக்குப் பழைய இன்ஜின் ஒருத்தருக்கு மட்டும் மாட்டியிருக்கலாம், மொன்சா மாதிரி இடத்துல முன்னாடி போன காரோட இழுப்பு கிடைச்சிருக்கலாம். அதுவே நேர் ரோட்டுல சமம், மெதுவான வளைவுல ஒருத்தர் மத்தவரை விட லேட்டா பிரேக் பிடிச்சு, நடு வளைவுல ரெண்டு மூணு கிலோமீட்டர் கூட வெச்சுக்கிட்டு வெளிய வர்றார்னா, அதுவும் ரெண்டு மூணு லேப்ல திரும்பத் திரும்ப வருதுன்னா, அது அவர் கால்லயும் கையிலயும் இருந்து வர்ற வேகம், குவாலிஃபையிங்ல காணாமப் போகாது. ஃபாஸ்ட்எஃப்1ங்கற பைத்தான் லைப்ரரி இருக்கு, அதுல ரெண்டு பேரோட ஸ்பீட் கோட்டை ஒண்ணு மேல ஒண்ணு வரைஞ்சு பார்க்கலாம், கொஞ்சம் கோடிங் தெரிஞ்சா போதும்.

ஆனா கார் நிஜமாவே ஒண்ணுதானான்னு கேட்டா அதுலயும் எல்லா நேரமும் ஆமான்னு சொல்ல முடியாது. 2025 கனடால இருந்து மெக்லாரன்ல நோரிஸ் கார்ல முன்பக்க சஸ்பென்ஷனை மாத்தினாங்க, ஸ்டியரிங்ல அவருக்கு உணர்வு சரியா கிடைக்கறதுக்காக, அவர் டீம்மேட் பியாஸ்ட்ரி அது வேண்டாம்னு பழையதையே வெச்சுக்கிட்டார். இதுல யாருக்கும் அநியாயம் இல்ல, ஆனா ஒப்பிடறவங்க தெரிஞ்சு வெச்சுக்கணும்.

கூடவே ஒரு குட்டி ரேஸும் நடக்கற ஸ்ப்ரின்ட் வாரத்துல பிராக்டிஸ் ஒண்ணே ஒண்ணுதான், அதுல எல்லாத்தையும் அவசர அவசரமா திணிப்பாங்க, அந்த பிராக்டிஸை நம்பாதீங்க. ஆனா அதுக்கப்புறம் வர்ற ஸ்ப்ரின்ட் குவாலிஃபையிங் டீம்மேட்டை ஒப்பிடறதுக்கு அருமையான இடம், ஏன்னா முதல் ரெண்டு பாகத்துல மீடியம், மூணாவது பாகத்துல சாஃப்ட்னு விதியே சொல்லிடுது, டீம் நினைச்சாலும் டயரைப் பிரிச்சு விட முடியாது. ஞாயித்துக்கிழமை ரேஸுக்கான குவாலிஃபையிங்ல யார் முன்னாடின்னு யூகிக்கணும்னா அந்த வாரம் இதை மட்டும் பார்த்தா போதும்.

சீசன் முழுசுக்கும் யார் வேகம்ங்கற கேள்விக்கு மேல சொன்ன எதையும் எடுக்காதீங்க. குவாலிஃபையிங்ல ரெண்டு பேரும் ஒரே பாகத்துல போட்ட டைமை எடுத்து, மழை பெஞ்சதையும் கார் கெட்டதையும் தள்ளிட்டு, பத்து ரேஸாவது சேர்ந்ததும் வித்தியாசங்களை வரிசைப்படுத்தி நடுவுல இருக்கறதைப் பாருங்க. 2018ல அலோன்சோ தன் டீம்மேட் வண்டூர்னை 21க்கு 21 குவாலிஃபையிங்லயும் முந்தினாரே, அந்த மாதிரி விஷயம் எந்த டெஸ்ட் டேபிள்லயும் தெரியாது, வாரா வாரம் சேர்ந்து வந்தாத்தான் தெரியும்.

நான் இப்ப பண்றதைச் சொல்லிடறேன். வழக்கமான வாரத்துல எஃப்பி3 முடிஞ்சு குவாலிஃபையிங் தொடங்க ரெண்டரை மணி நேரம் இருக்கும். அந்த நேரத்துல எஃப்பி3 சாஃப்ட் லேப்போட செக்டரைக் கூட்டிப் பார்ப்பேன், நேர் ரோட்டு வேகம் சமமான்னு சரிபார்ப்பேன், சமம் இல்லைனா வளைவு வேகத்தை மட்டும் எடுத்துக்குவேன், வித்தியாசம் 0.1க்குள்ள இருந்தா தெரியலன்னு எழுதி வெச்சுட்டு, அதுக்கு முந்தின அஞ்சு குவாலிஃபையிங்ல யார் முன்னாடின்னு பார்த்து அவரையே எடுத்துக்குவேன். ரேஸுக்கு எஃப்பி2 லாங் ரன், அதுவும் டயர் ஒண்ணா இருந்தா மட்டும். பஹ்ரைன் டெஸ்ட் நடக்கற நாள்ல டேபிளை மூடிட்டு, யார் எந்த மணிக்கு ஓடினாங்கங்கறதைத்தான் குறிச்சு வெச்சுக்கறேன்.